குழாய்க்கு பிரஷர் பார்த்தவன்

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் கடைசி வீடுவரை போய்ச் சேருகிறதா என்பதுதான் எங்கள் கல்லூரிக் குழுவின் ஆராய்ச்சி. அதற்காக அழுத்தமானியும் கையுமாக, நாகப்பட்டினம் பக்கம் உள்ளடங்கிய ஓர் ஊரில் குழாய் குழாயாக அலைந்தேன். 'குழாய்க்கு பிரஷர் பாக்குற சார்' என்று பெயர் வந்துவிட்டது. என் பிரஷருக்கு நான் மாத்திரை விழுங்குவதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அங்கே நிலத்தடி நீர் உப்பு. கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருவதுதான் குடிதண்ணீர். கடைசித் தெருவின் கடைசி வீட்டில், நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா இருந்தார். அவர் வீட்டுக் குழாயில் என் கருவியின் முள் அசையவே இல்லை.

"மக தலைப்பிரசவத்துக்கு வர்றா சார். பச்சப்புள்ளய வெச்சுக்கிட்டு அடுத்த தெருவுக்குக் கொடத்தத் தூக்கிட்டு ஓட முடியுமா?"

காரணம் கண்ணெதிரே கிடந்தது. முன்தெருக்களில் வாசலுக்கு வாசல் குழி. குழாயைத் தாழ்த்திக் குழிக்குள் வைத்தால் தண்ணீர் வேகமாக விழும். ஒரு வீட்டார் முழங்கால் ஆழம் தோண்டினால், பக்கத்து வீட்டார் இடுப்பாழம் தோண்டுவார்கள். கடைசித் தெருவுக்குக் காற்றுதான் மிச்சம்.

ஊர்க் கூட்டத்தில் வண்ணப் படங்களோடு இதை விளக்கினேன். என் மாணவர்களைவிட நன்றாகத் தலையாட்டினார்கள்.

"எல்லாரும் மூடட்டும், நானும் மூடுறேன்" என்றார் முன்தெருக்காரர் ஒருவர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். குழிகள் அப்படியே இருந்துவிடும்போலிருந்தது.

அந்த அம்மா எழுந்தார். "வாய்க்கா கடைசியில கெடக்குற நம்ம கடமட வயலுக்கு ஆத்துத் தண்ணி வரலன்னு எல்லாரும் சேந்துதானே ரோட்டுல உக்காந்தோம்? மேல இருக்கறவங்கள அன்னிக்கி என்னா பேச்சுப் பேசுனீங்க அண்ணே! இந்தக் குழாய்க்கு நாங்கதான் கடமட. நாங்க எங்க போயி உக்கார்றது, ஒங்க வாசல்லயா?"

"உக்காரு தங்கச்சி, டீ போட்டுத் தரச் சொல்றேன்."

"போடுவீங்க. தண்ணிதான் ஒங்க ஊட்டுக் குழியில நெறைய கெடக்கே!"

கூட்டம் சிரித்தது, முன்தெருக்காரரும் சிரித்துவிட்டார். "சரி, விடு. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஒண்ணா மூடிருவோம்."

மூடினார்கள். குழாய்களை ஒரே உயரத்துக்குத் தூக்கிவிட்டு மண்ணைத் தள்ளினார்கள். நானும் மண்வெட்டியைப் பிடித்தேன். சற்று நேரத்திலேயே மரியாதையாக வாங்கிவைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கடைசிக் குழாயில் கருவியை மாட்டினேன். வந்து இறங்கியிருந்த மகள் இடுப்பில் கை ஊன்றி வாசலில் நின்றாள். முள் நடுங்கியது, பிறகு மெல்ல ஏறியது. ஆராய்ச்சி வாழ்வின் பொன்னான தருணம். படமெடுக்கக் குனிந்தேன்.

"சார், சார், அத மொதல்ல கழட்டுங்க," என்றார் அம்மா. "கொடத்த வெக்கணும்."