அப்பாவின் காலும் வேனின் பிரேக்கும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. வருஷாப்திகத்துக்கு வந்து இந்த மலரை வாங்கிக்கொண்ட உங்கள் அனைவருக்கும் அவருடைய மூத்த மகளின் நமஸ்காரம். நினைவு மலரில் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். அப்பாவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மற்றவர்களைப் பற்றியது.

அப்பா பிறந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் டியூஷன் எடுத்துத்தான் படித்தார். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, அத்தைகள் இருவரையும் கரையேற்றிவிட்டே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். சால்ட் லேக் கிளையில் மேனேஜராக ஓய்வு பெற்றார். எந்தக் காகிதமானாலும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அடகுக்கு வந்த லேத் மெஷினைப் பார்க்க ஹவுராவின் சந்துகளில் மழையில் நனைந்துகொண்டு போனவர். தன்னைப் போலத்தான் எல்லோரும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கடைசி வரை நம்பினார்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்தார். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்ட வேறு வழி இல்லை. பூரி, விஷ்ணுபூர், பக்காலி என்று எங்கே போனாலும் சாலையோரத்தில் நிறுத்தி அம்மா ரசம் வைப்பார். “மாஷிமா, கந்தோ பாலோ!” என்று லாரிக்காரர்கள் வாசனையைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷங்களில்தான் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

பழைய வண்டிக்குக் காலாகாலத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். இங்கே சி.எஃப். என்பார்கள், எங்கள் வீட்டில் எஃப்.சி. ஊரில் எல்லோரும் வண்டியின் குறைகளை மறைத்து, பெயிண்ட் அடித்துச் சோதனைக்குக் கொண்டுபோவார்கள். அப்பா நேர்மாறு. டாக்டரிடம் போவதுபோல, என்னென்ன கோளாறு என்று சோதிப்பவரிடம் தானே சொல்லுவார். “அவங்க கண்ணுல படாம போச்சுன்னா நமக்குத்தானே ஆபத்து?” என்பார். அதற்காகவே வண்டியை இரண்டாம் தடவை வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதும் உண்டு. நாங்கள் கேலி செய்வோம். அவர் சந்தோஷமாக வீடு திரும்புவார்.

கடைசித் தடவை மட்டும் அவரால் போக முடியவில்லை. முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் பெயரை எழுதவில்லை. பழைய வண்டிகளை வாங்கி விற்பவர், சொந்தமாக ஷெட் வைத்திருப்பவர்; குழந்தைகள் அவரை வண்டி மாமா என்பார்கள். சான்று தரும் ஆபீஸ் வாசலில் எத்தனையோ புரோக்கர்கள் இருந்தும் அப்பா ஒருவரையும் நம்பியதில்லை. வண்டி மாமா தமிழர், நவராத்திரிக்கு வீட்டுக்கு வருபவர், அப்பாவை அண்ணா என்று கூப்பிடுபவர். அது போதுமானதாக இருந்தது.

“பிரேக் பெடல் கொஞ்சம் கீழ போறதுப்பா. அங்க மறக்காம சொல்லு” என்று அப்பா சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

“நான் பார்த்துக்கறேண்ணா. நீங்க காலை நீட்டிப் படுங்கோ” என்றார் மாமா.

வேன் பளபளவென்று கழுவி, பூமாலையோடும் சான்றோடும் திரும்பி வந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். பழையபடியே கீழே போயிற்று. ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? “அவங்களே பார்த்துட்டு சரின்னுட்டா. என் கால்தான் தளர்ந்திருக்கு.” தினமும் மாடியில் நடந்து காலைப் பழக்கினார். டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகே ஸ்டியரிங்கைத் தொட்டார்.

டயமண்ட் ஹார்பர் போகும் வழியில் ஒரு பாலத்து இறக்கத்தில் அது நடந்தது. எதிரே ஆட்களை ஏற்றிய ஒரு டோட்டோ, பேட்டரி ரிக்ஷா. வண்டி நிற்கவில்லை. அப்பா வேனைச் சாலையோர மரத்தின் பக்கம், தன் பக்கம் மோதும்படி ஒடித்தார். டோட்டோவில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்பாவுக்கு நெஞ்சில் அடி.

ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோதெல்லாம் ஒன்றையே சொன்னார்: “லேட்டா மிதிச்சுட்டேம்மா. வண்டி மேல தப்பில்ல, இப்பதானே பாஸாச்சு. அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.” அப்படியே போய்விட்டார்.

சாவு வீட்டில் நீங்களும் சொன்னீர்கள். முட்டி ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வண்டி எதற்கு என்றீர்கள். இந்த வயதில் மேஷோமஷாய்க்கு இதெல்லாம் தேவையா என்று, அப்பாவை அப்படி மாமா முறை வைத்துக் கூப்பிடும் எதிர்வீட்டார் கேட்டார்கள். அம்மாகூட அழுகையின் நடுவே “என் பேச்சைக் கேட்டாத்தானே” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதின்மூன்றாம் நாள், சுபஸ்வீகாரத்தன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது வண்டி மாமா கண் கலங்கிச் சொன்னார்: “அண்ணாவுக்காக நான் என்ன பண்ணலை? எஃப்.சி.க்கு வண்டியை நகர்த்தக்கூட விடலையே. என் ஷெட்லயே நின்னுது. பேப்பர் தானா வந்துது.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “அப்போ பிரேக்கை யார் பார்த்தா?”

“பழைய வண்டின்னா பெடல் அப்படித்தாம்மா இருக்கும். அதையெல்லாம் யாரு பார்க்கறா?”

அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. உபகாரம் செய்ததாகவே இன்றும் நினைக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பார்க்காத வண்டியைப் பார்த்ததாகக் கையெழுத்திட்ட அதிகாரி முகம் தெரியாதவர். இவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். அப்பா சொல்லி அனுப்பிய ஒரே ஒரு வார்த்தையை ஷெட்டிலேயே போட்டுவிட்டு, வண்டிக்கு மாலை போட்டு அனுப்பியவர். பிறகு மெக்கானிக் பிரித்துப் பார்த்து, பிரேக் வெகு நாளாகவே கெட்டிருந்தது என்றார்.

நம்மவர்தானே, விட்டுவிடு என்கிறார் பெரியப்பா. நம்மவர் என்பதால்தான் விட முடியவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். முதலில் ஓடி வந்து அப்பாவை வெளியே எடுத்த டோட்டோக்காரருக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், ரத்தம் கொடுத்த வங்கி நண்பர்களுக்கும், எங்களுக்குச் சோறு பொங்கி அனுப்பிய கரியாஹாட் அத்தைக்கும் எங்கள் நன்றி. அப்பாவைச் சுமந்த தோள்களில் வண்டி மாமாவின் தோளும் ஒன்று. அதற்கு மட்டும் அவருக்கு நன்றி.

அப்பா தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். இல்லை என்று அவரிடம் சொல்ல இனி எனக்கு வழி இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள்: அப்பா நேரத்துக்குத்தான் பிரேக்கை மிதித்தார்.