மூலைக்குப் போன ராஜா

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து முஸ்லிம் கடைக்காரரான நானாவின் கடையில் செஸ் பலகையைச் சுற்றி இருந்தவர்கள் நானா, மாமா, தொழிலாளர் லயத்துக்காரர்கள் ஐந்து பேர், அப்புறம் நான். வராதவர் அப்பா. சைக்கிள் கைமாறுவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். சைக்கிளைக் கடை வாசலுக்கு மாமாவே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயும் போட்டிருந்தார். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

மாமா என் அம்மாவின் தம்பி; ரப்பர் தோட்டத்தில் மரப்பால் லோரி ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்க்கப் போகிறவன் நான் ஒருவன்தான் என்பதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலத்தில் எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். ஆறு மணிக்கு வாசல் சாத்தப்படும். ஏழு மணிச் சங்குக்குப் பிறகு யாரும் வீட்டைவிட்டு வெளியே இருக்கக்கூடாது. எங்கள் பாதையில் ஓடிய பஸ்ஸைக் காட்டிலிருந்தவர்கள் எரித்த பிறகு வேறு பஸ் வரவில்லை. பள்ளி முடிந்து சிரம்பானிலிருந்து நடந்தால் ஆறு மணிக்குள் வந்து சேர முடியாது. அதனால்தான் மாமா தன் காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கித் தந்தார். சைக்கிள் இருந்தால் படிப்பு உண்டு, இல்லாவிட்டால் பால்வாளிதான்.

அதைத்தான் மாமா பந்தயத்தில் வைத்தார். விளையாட்டுப் புத்தியால் அல்ல. நானா எதிர்ப் பந்தயமாக வைத்தது கடைச் சுவரில் தொங்கிய மணி அடிக்கும் கடிகாரம். அது வீட்டில் இருந்தால் நான் விடியலில் எழுந்து படிக்கலாம் என்று அவருக்கு எண்ணம். நானாவோ பினாங்கில் செஸ் கற்றவர். வெள்ளைக்காரன் சட்டப்படிதான் ஆடுவேன் என்றார். எங்கள் லயத்து ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தைத் தொட்ட சிப்பாய் அந்தக் கட்டத்துக்குரிய காயாகத்தான் மாறும். வெள்ளைக்காரன் சட்டத்தில் எங்கே தொட்டாலும் ராணிதான். கடிகாரத்தின்மேல் கண்ணாயிருந்த மாமா சரி என்றுவிட்டார். முந்தின ஞாயிறு ஆட்டம் தொடங்கியது; அந்தச் சட்டத்தால்தான் நானாவுக்கு ஒரு ராணி கிடைத்தது. அந்நேரம் சங்கு ஊதிவிட்டது. மீதியை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று நானா பலகைமேல் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்தார். வாரம் முழுவதும் அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

நாங்கள் வீட்டில் தரையில் கரிக்கோடு போட்டு, ரப்பர் விதைகளை வைத்து அதே நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மாமாவிடம் மிஞ்சியது ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் இன்னும் ஒரு கட்டம் போனால் ராணி. நானாவின் ராஜா பலகையின் மறுகோடியில் கிடந்தாலும் அவருடைய ராணி பக்கத்தில் வந்து செக் வைத்திருந்தது. மாமா ராஜாவை நகர்த்தியாக வேண்டும். சிப்பாய்க்கு முன்னால் போய் நின்றால் அதைக் காக்கலாம். ஆனால் அதன் வழியை ராஜாவே அடைத்துவிடும், அதற்குள் நானாவின் ராஜா நெருங்கிவிடும். மற்ற வழி மூலை. அங்கே போனால் காவலில்லாத சிப்பாயை ராணி வெட்டிவிடும். இரண்டு வழியிலும் சைக்கிள் போயிற்று.

பள்ளியில் இடைவேளையில் செஸ் ஆடும் சீன நண்பனிடம் சட்டங்களைக் கேட்டுப் பார்த்தேன். பலவற்றோடு, ராஜாவுக்கு செக் இல்லாமல் நகர இடமும் இல்லாமல் போனால் ஆட்டம் சமன் என்றும் சொன்னான். எங்கள் லயத்து ஆட்டத்தில் ராஜாவை அப்படி அடைக்கவே கூடாது; அடைத்தவர் காயைத் திருப்பி எடுத்து வேறு காய் நகர்த்த வேண்டும். அதனால் அந்தச் சட்டம் எங்களுக்கு எதற்கு உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை வாசலில் வழக்கமான சோதனை. காட்டுக்கு அரிசி போகிறதா என்று காலையிலும் மாலையிலும் தடவிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் முள்கம்பி, முன்னே ஒரு கான்ஸ்டபிள், பின்னே ஒருவர். கைகளைத் தூக்கி நின்றேன். எந்தப் பக்கமும் ஓர் அடி வைக்க முடியாது. ஆனாலும் என்னை யாரும் பிடிக்கவில்லை. அந்த நிலையில்தான் மூலையில் நிற்கும் ராஜா என் கண்ணுக்குத் தெரிந்தது. கையை இறக்கச் சொல்லியும் நான் இறக்காமல் நின்றதாகப் பின்னால் வந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

மாமாவை நம்ப வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

“சிப்பாய அனாதையா வுட்டுட்டு ராஜா மூலைக்கு ஓடணுமா? சாகவா மாப்ள?”

“வெட்டட்டும் மாமா. வெட்டுனா நம்ம ராஜாவுக்குப் போக எடமே இருக்காது, செக்கும் இருக்காது; வெள்ளக்காரன் சட்டப்படி ஆட்டம் சமன். வெட்டலேன்னா சிப்பாய் ராணியாயிரும்.”

ரப்பர் விதைகளைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். கடைசியில் விதைகளை அள்ளிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று ஞாயிறுவரை எனக்குத் தெரியாது.

கூடையை எடுத்ததும் நானா சிரித்தார். “என்னா டைவரே, எண்ணெயெல்லாம் போட்டுக் கொண்டாந்துட்டியா?”

மாமா பலகையின் முன் உட்கார்ந்தார். ராஜாவை எடுத்து மூலையில் வைத்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர் உச்சுக்கொட்டினார். நானா ராணியைத் தூக்கிச் சிப்பாயை வெட்டி, அந்தக் காயைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

“இப்ப என் ராஜா எங்க போவும், காட்டுங்க நானா.”

நானா குனிந்தார். விரலால் மூன்று கட்டங்களையும் தொட்டுப் பார்த்தார். மூன்றிலும் அவர் ராணியின் காவல். ராஜா நிற்கும் கட்டத்தில் மட்டும் இல்லை. நானா மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். அந்தச் சட்டம் அங்கே எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சட்டைப் பையிலிருந்த சிப்பாயை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“சமன்லா. இந்தச் சட்டத்த நாந்தானே கேட்டு வாங்குனேன்.”

வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். மாமா மூச்சு விட்டது எனக்கே கேட்டது. யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, அப்பா மரச்சிராய் ஒட்டிய கையோடு வந்து நின்றார்.

அந்தச் சைக்கிளில் போய்த்தான் பரீட்சை எழுதினேன். இன்று சிரம்பானில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். வென்றால் மட்டுமே வாழ்க்கை நகரும் என்று நம்பும் பிள்ளைகளிடம் சில சமயம் இதைச் சொல்வதுண்டு. நாங்கள் வெல்லவில்லை. கடிகாரம் கடைசிவரை நானாவின் சுவரில்தான் அடித்தது. தோற்காமல் இருந்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று நானா எல்லோருக்கும் தேத்தண்ணி ஆற்றினார். குடித்து முடித்ததும், ஆட்டம்தான் சமன், தேத்தண்ணிக்குக் காசு உண்டு என்றார். அப்பா இடுப்பு மடிப்பை அவிழ்த்தார். நானா தான் குடித்ததையும் சேர்த்தே எண்ணினார். ஒன்பது தேத்தண்ணி, தொண்ணூறு காசு.