தானாக அணைந்த நீலச் சுடர்

“…மூடாதேங்கோ, மூடாதேங்கோ! அது தானா அணையட்டும்!” என்று அம்மா பதற்றத்தில் தமிழிலேயே கத்தியபோது, ஏலக்காயும் கராம்பும் உருகிக் கருகும் சீனியும் கலந்த வாசனை அந்தக் குசினியை நிறைத்திருந்தது. தமிழில் ஒரு சொல்லும் அறியாத லார்ஸ் அங்கிள், பானை மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் குடியிருந்த பழைய மரவீடு, நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கப்பட்டது. ஒரு பாதியில் நாங்கள். மறு பாதியில் சுவீடனிலிருந்து வந்த லார்ஸ் அங்கிளும் அவர் மனைவி பிரிட்டா ஆன்ரியும். பூமியின் தென்கோடியான இங்கே கிறிஸ்மஸ் கொளுத்தும் வெயிலில் வருகிறதா, அதனால் அவர்கள் தங்கள் ஊர்ப் பண்டிகைப் பானத்தை ஜூலை மாதக் குளிர் விடுமுறைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். “வியர்த்து வழியும்போது சூடாகக் குடித்தால் அது பண்டிகை இல்லை, தண்டனை” என்பார் ஆன்ரி. அந்தப் பானத்துக்குப் பெயர் “க்ளெக்”. சிவப்பு வைனில் ஏலக்காய், கறுவா, கராம்பு, இஞ்சி, தோடம்பழத் தோல் எல்லாம் போட்டுச் சூடாக்குவார்கள். வாசனை சுவரைத் தாண்டி வரும். மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றிவிட்டு வரும் அப்பா மூக்கை உறிஞ்சி, “உவையள் சாராயத்தில ரசம் வைக்கினம்” என்று சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார், யன்னலைச் சாத்துவார்.

அம்மாவின் ஒரே அண்ணன், என் சிவம் மாமா, குடித்துக் குடித்தே செத்தவர். அதற்குப் பிறகு எங்கள் வாசலை ஒரு போத்தல்கூடத் தாண்டியதில்லை. வருடா வருடம் மாமாவின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கும்போது, அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார்: “அவருக்கு உண்மையாப் பிடிச்சது அது ஒண்டுதானே. ஒரு சொட்டு வைச்சால் என்னப்பா?” அம்மாவிடம் எப்போதும் ஒரே பதில்தான்: “அவரைக் கொன்றதையே அவருக்குக் குடுக்கச் சொல்லுறியளோ?”

எனக்கு ஒன்பது வயதான வருடம் பிரிட்டா ஆன்ரி இறந்துபோனார். அந்த ஜூலையில் லார்ஸ் அங்கிள் எங்கள் பின்கதவுக்கு வந்தார். வழக்கமாக ஏலக்காய் கேட்பவர், அன்று ஒரு ஆளைக் கேட்டார். பழைய முறைப்படி, பானைக்கு மேலே கம்பி வலையில் சீனிக்கட்டிகளைக் குவித்து ஒருவர் பிடிக்க வேண்டும், மற்றவர் அதன்மேல் பிராண்டியை ஊற்றிக் கொளுத்த வேண்டும். “இத்தனை வருடமும் நான் பிடித்தேன், அவள் ஊற்றினாள். தனியாகச் செய்ய முடியாது” என்றார். அப்பா வேலையில். என்னை நெருப்புப் பக்கம் விடமாட்டார்கள். அம்மா அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், “வலையை மட்டும் பிடிப்பன், போத்தலைத் தொடமாட்டன் எண்டு சொல்லு பிள்ளை” என்றார்.

அவர்கள் வீட்டுக் குசினியில் அம்மா வலையைப் பிடிக்க, லார்ஸ் அங்கிள் பிராண்டியை ஊற்றித் தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனதும் சீனிக்குவியல் நீலமாக எழுந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் அதுவரை கண்டதில்லை. சீனி பொன்னிறமாக உருகி, எரியும் துளிகளாகச் “சுர்” என்று பானைக்குள் விழ, வைனின் முகமெல்லாம் நெருப்பு படர்ந்து அலைந்தது. எட்டி நின்றபடி இரண்டு கைகளையும் அந்தச் சுடர்ப் பக்கம் நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கோயிலில் கற்பூரத்தட்டு வந்தால் கை எப்படிப் போகுமோ அப்படித்தான் போனது.

அந்த நேரத்தில்தான் லார்ஸ் அங்கிள் மூடியைத் தூக்கினார். உடனே மூடி அணைத்தால்தான் சாராயம் எரிந்துபோகாமல் பானத்தில் வீரியம் நிற்குமாம். கற்பூரத்தை யாராவது மூடி அணைப்பார்களா? அம்மா கத்திவிட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மூடியைக் கீழே வைத்தார். “எல்லாவற்றையும் எரித்துவிட்டாயே என்று பிரிட்டா திட்டப்போகிறாள்” என்று சிரித்தவர், என்னைப் பார்த்துப் பார்த்து, தன் பெரிய கைகளை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிவீடுகள் நிற்கின்றன. லார்ஸ் அங்கிள் இல்லை, அந்தக் கம்பி வலையும் எங்கே போனதோ. மாசி என்ற புறநகரில் இப்போது நான் இருக்கும் வீட்டு அடுப்பில் நெருப்பே கிடையாது, கண்ணாடித்தட்டுத்தான் சூடாகும். க்ளெக்கும் கடையில் ஆயத்தமாகப் போத்தலில் கிடைக்கிறது. யாரும் எதையும் கொளுத்த வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம், பிடிக்க ஒருவர் ஊற்ற ஒருவர் என்று இரண்டு பேரும் வேண்டாம்.

ஆனால் அன்று அந்தச் சுடர் ஓரங்களிலிருந்து சுருங்கி, ஒரு புள்ளியாகி, தானாகவே அணையும்வரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா வெறும் வலையை மேசையில் வைத்தார். அதே கையால் அகப்பையை எடுத்து, ஒரு சின்னக் கோப்பையை நிரப்பி, யன்னலோரம் இருந்த பிரிட்டா ஆன்ரியின் படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு இன்னொரு கோப்பையையும் நிரப்பி, “இது என்ர அண்ணைக்கு” என்று அதன் பக்கத்தில் வைத்தார்.