சதுரங்கப்பட்டினத்துக்குத் தனியாக

கணவர் இறந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இல்லை. பழைய கார் ஒன்று இருந்தது. விடுமுறை வந்தால் அதில்தான் செஞ்சி, உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்று சுற்றுவோம். அவர் ஓட்டுவார், நான் ஓயாமல் பேசிக்கொண்டு வருவேன்.

"காரை வித்துடும்மா. பார்க்கப் பார்க்க அவர் ஞாபகம்தான் வரும்" என்றார் என் அண்ணன். மனம் வரவில்லை. அஸ்தினாபுரத்தில் டாக்ஸி ஓட்டிய ஒருவரிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே நிற்கவும் பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை. காரைத் தெற்கே திருப்பினேன். வண்டலூர், ஊரப்பாக்கம், சாலையின் இருபுறமும் புளியமரங்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி நிரம்பிக் கிடந்தது. "ஏரியைப் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டி சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். அங்கே கடலோரம் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. போகலாம் போகலாம் என்று இருவரும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இடம். இடிந்த சுவர்களுக்குள் சித்திரவேலை செய்த கல்லறைகள். எழுத்து புரியவில்லை; வருஷங்களை மட்டும் படித்தேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சொன்னால் கேட்க ஆளில்லாமல் எதைப் பார்ப்பது? சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

வெளியே மீன்கூடையோடு ஒரு பெண் கையைக் காட்டினாள். "பஸ்ஸு வரலம்மா. கழுக்குன்றத்துல எறக்கி வுடுறியா?"

கூடையைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயேவா ஓட்டிகினு வந்தே? வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"தவறிட்டார். ஒரு வருஷம் ஆச்சு."

"எம் புருசன் கடலுக்குப் போனாரு. திரும்பல." கூடை சாயாமல் இருக்கிறதா என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "வூட்ல குந்திகினு இருந்தா பைத்தியம் புடிக்கும். கூடையத் தூக்கினு நாலு தெரு சுத்துனா நாலு பேராவது 'இன்னா மீனு'ன்னு கேப்பாங்க."

கழுக்குன்றம் சந்தை வரும்வரை அவள் பேசினாள், நானும் பேசினேன். இறங்கும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம வருவியா?" என்றாள். வருகிறேன் என்றேன்.

சொன்னபடி போனேன். கோட்டை வாசலில் காத்திருந்தேன், அவள் வரவில்லை. கரையில் மீன் விற்ற பெண்களிடம் விசாரித்தேன்.

"யாரும்மா? பேரு இன்னா?"

பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் மீன் வாங்கினேன். எனக்கு ஒருத்திக்கு எவ்வளவு போதும் என்று தெரியாமல் நிறையவே வாங்கிவிட்டேன். பாதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். "உள்ள வாங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா. வழக்கமாக வேலை இருக்கிறது என்று வந்துவிடுவேன். அன்று போய் உட்கார்ந்தேன்.