ஓலீட்டா கேட்காத ஸ்பிரிங்

ஆர்கன்ஸாவின் வடக்கு மலைப்பக்கத்தில் ஒருவர் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கினால், அதை வாங்கினபடியே வைத்துக்கொள்ள ஊர் விடாது. புது பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டாதவனைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னொன்று சொல்வார், பல் டாக்டர்கூட வாயைத் திறக்கவைத்துவிட்டு அபிப்பிராயம் சொல்வார். ஓலீட்டா ட்ரீஸ் புதுத் துப்பாக்கி வாங்கியபோதும் அதுதான் நடந்தது. ஆனால் அவளுக்கு அது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. அதை வைத்துத்தான் அவள் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போகும்.

ஐம்பத்தொன்பது வயதான ஓலீட்டாவின் வேலை கோர்ட்டு சம்மனைக் கொண்டுபோய் உரியவர் கையில் கொடுப்பது. விவாகரத்து, வீட்டைக் காலிசெய்யும் உத்தரவு, பிள்ளை யாரோடு இருப்பது என்கிற வழக்கு. சிரித்த முகத்தோடு வாங்கும் காகிதம் ஒன்றுகூட அவள் பையில் இருந்ததில்லை. மலைக்குள் நாற்பது மைல் ஓட்டிப்போய், நாய் குரைக்கிற வாசலில் நின்று, "இது உங்களுக்கு" என்று சொல்லி நீட்டிவிட்டு முதுகைக் காட்டாமல் திரும்பி வர வேண்டும். பதினோரு வருஷமாகச் செய்கிறாள்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் கோழிக்கறி ஆலையில் எலும்பெடுக்கும் வரிசையில் நின்றாள். அங்கே மூத்திரம் போகவும் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். ஒரு நாள் அந்தக் கையே யந்திரத்தில் மாட்டியது. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இடது கையால் எழுதப் பழக ஆரம்பித்தாள். சமைத்தாள், வண்டி ஓட்டினாள், இறந்துபோன கணவனின் பழைய ரிவால்வரை இடது கையால் சுடவும் கற்றுக்கொண்டாள். சம்மன் வேலை கிடைத்ததும், இனிமேல் யாரிடமும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டியதில்லை என்று தங்கை ஜுவெலிடம் சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

இந்த வசந்தத்தில் முதலாளி டெல்பர்ட் ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து வைத்தார். இன்ஷூரன்ஸ்காரர்கள் புது விதி போட்டிருக்கிறார்கள். சம்மன் கொடுக்கப் போகும்போது துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லோரும் ஒரு பரீட்சை தேற வேண்டும். இருபது தோட்டா, பத்துப் பத்தாகப் பிடிக்குள் செருகும் இரண்டு மேகசின் பெட்டியில், நடுவில் மேகசின் மாற்ற வேண்டும், எல்லாம் குறித்த நேரத்துக்குள். பதினெட்டு தோட்டா இலக்கு அட்டையின் வட்டத்துக்குள் விழ வேண்டும். துப்பாக்கி இல்லாமல் மலைக்குள் யாரையும் அனுப்பவும் அவர் தயாராக இல்லை. தேறாதவர் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கலாம். மேசைக்குக் கீழே ஹீட்டர் இருக்கிறது, குளிர்காலத்தில் சுகமாக இருக்கும் என்று டெல்பர்ட் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஓலீட்டா அந்த மேசையை ஒரு தடவை பார்த்தாள், தோள்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆறு தோட்டா ரிவால்வரை மூன்று விரலால் அந்த வேகத்தில் நிரப்ப முடியாது. ஆகவே புதுசு வாங்க வேண்டியதாயிற்று. ராய்ஸ் கடையில் பதினைந்து துப்பாக்கிகளைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, நடுத்தர அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்தாள். ராய்ஸ் முதலில் காட்டியது உள்ளங்கையில் அடங்கும் குட்டித் துப்பாக்கி, ரோஸ் நிறப் பிடியோடு.

"பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் கண்ணு வாங்குறாங்க. லேசா இருக்கும்" என்றார்.

"லேசா இருந்தா உதைக்கும் ராய்ஸ். நீ சுட்டுப் பாத்திருக்கியா இதை?"

"நான் எதுக்கு?"

"அப்ப ரோஸ் கலரை நீயே வச்சுக்கோ. உன் கன்னத்துக்குப் பொருத்தமா இருக்கும். இன்னொரு தடவை கண்ணுன்னு கூப்பிட்டா ஆத்துக்கு அந்தாண்ட கடைக்குப் போயிடுவேன்."

ராய்ஸ் சிரித்தார், ஆனால் அதோடு விடவில்லை. துப்பாக்கிக்கு என்னென்ன மாட்டலாம் என்று கண்ணாடி மேசையில் பரப்பினார். கண்ணாடி போட்ட கண்ணுக்குச் சிவப்புப் புள்ளி காட்டும் மேல்கண்ணாடி, குழலுக்கு அடியில் டார்ச், லேசாகத் தொட்டாலே சுடும் விசை, உதை குறைக்கக் குழல் நுனியில் மாட்டும் ஓட்டை போட்ட துண்டு. ஓலீட்டா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். சட்டைக்கு மேலே துப்பாக்கியின் வடிவம் தெரிந்தால் அந்த ஊரில் 'அச்சு விழுகிறது' என்பார்கள். மற்றவர்களுக்கு அது கேலி, அவளுக்கு அப்படி இல்லை. வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் காகிதத்தை நீட்டுகிறவளின் இடுப்பில் அச்சு விழுந்தால், வாசலில் நிற்கிறவன் உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வருவான். டார்ச்சும் மேல்கண்ணாடியும் மாட்டினால் இடுப்பில் செங்கல்லைச் செருகினது மாதிரிதான். விசையை லேசாக்குவது, பதறின நேரத்தில் தன் காலையே சுட்டுக்கொள்ள வழி. இதையெல்லாம் விளக்கிச் சொல்லாமல், வேண்டாம் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

மேகசினைக் கழற்றும் பொத்தானை மட்டும், இடது கைக் கட்டைவிரல் படும் வலது பக்கத்துக்கு மாற்றித் தரச் சொன்னாள். ராய்ஸ், பார்த்தாயா, நீயும் ஒன்றை மாற்றத்தானே செய்கிறாய் என்றார். அது மாற்றமில்லை, நான் குடியிருக்கும் பக்கத்தில் கதவு வைப்பது என்றாள். சுவர் முழுக்கத் தொங்கிய இடுப்பு உறைகளில் இடது கைக்காரருக்கு ஒன்றுகூட இல்லை. அதை ஆர்டர் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தாள்.

அவள் உண்மையில் விரும்பி வாங்கியது ஒன்றே ஒன்று. துப்பாக்கியின் மேலே நீளமாக இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். மூன்று விரலால் அதை இறுக்கிப் பிடித்து இழுக்க அவளால் முடியவில்லை. ஸ்லைடின் பின்முனையில் இலக்கைப் பார்க்க வைத்திருக்கும் குறி, தொழிற்சாலையிலிருந்து வரும்போது சரிவாக இருக்கும். அதற்குப் பதிலாக முன்பக்கம் செங்குத்தாக, படிக்கட்டின் விளிம்பு மாதிரி இருக்கும் எஃகுக் குறி ஒன்று கிடைக்கிறது. அந்த விளிம்பைத் தடித்த தோல் பெல்ட்டில் மாட்டி, குழல் தரையைப் பார்த்தபடி துப்பாக்கியைக் கீழே அழுத்தினால் ஸ்லைடு தானாகப் பின்னால் போகும். ஒரு கை போதும். பொட்டலம் வந்ததும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்தாள்.

அந்தக் குறியை நேராக மாட்ட ஒரு அழுத்தக் கருவி வேண்டும். ஜுவெலின் புருஷன் கார்லண்டிடம் அது இருந்தது. கார்லண்ட் நல்லவன்தான். ஓலீட்டாவின் கூரை ஒழுகினால் அவள் கேட்பதற்கு முன்னால் ஏணியோடு வந்து நிற்பான். கேட்பதற்கு முன்னால் வருவதுதான் அவனோடு எப்போதும் உள்ள சங்கடம். குறியைப் பார்த்துவிட்டு, பெல்ட்டில் மாட்டி இழுப்பதெல்லாம் சினிமா வேலை, ஸ்லைடுக்குள் லேசான ஸ்பிரிங் போட்டால் அவளுடைய மூன்று விரலே போதும் என்றான்.

"வேண்டாம் கார்லண்ட்."

"என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு. அஞ்சு நிமிஷ வேலை."

"குறியை மாட்டு. வேற எதையும் தொடாத."

சனிக்கிழமை காலை, பழைய கல்குவாரிக்குப் பின்னால் ராய்ஸ் நடத்தும் சுடுகளத்தில் பரீட்சை. ராய்ஸ்தான் நேரம் பார்ப்பவர், மதிப்பெண் போடுபவர். டெல்பர்ட் மடக்கு நாற்காலியும், இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியுமாக வந்திருந்தார். கார்லண்ட் கடைசி நேரத்தில் வந்து துப்பாக்கியைப் பெட்டியோடு கொடுத்தான். குறி நேர்த்தியாக உட்கார்ந்திருந்தது. காலியான துப்பாக்கியை ஒரு தடவை பெல்ட்டில் மாட்டி அழுத்திப் பார்த்தாள். ஸ்லைடு வெண்ணெயில் கத்தி போவது மாதிரி வந்தது.

"என்ன இவ்வளவு லேசா வருது?"

"எண்ணெய் போட்டேன்" என்றான் கார்லண்ட். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ராய்ஸ் கூப்பிட்டுவிட்டார். அவள் கோட்டில் போய் நின்றாள்.

முதல் மூன்று தோட்டா சரியாகப் போனது. நாலாவதில் ஸ்லைடு முன்னால் வந்தது, ஆனால் முழுசாக மூடவில்லை. நகக்கண் அளவு இடைவெளி விட்டு நின்றுவிட்டது. தோட்டாவை உள்ளே தள்ள ஸ்பிரிங்கில் பலம் இல்லை. பெல்ட்டில் மாட்டி இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ளினாள். திரும்பச் சுட்டாள். இரண்டு தோட்டாவுக்குப் பிறகு மறுபடியும் நின்றது. மேகசின் மாற்றினாள், அது சுத்தமாக நடந்தது, ஆனால் அடுத்த மேகசினிலும் ஒரு தடவை நின்றது. ராய்ஸ் விசில் ஊதியபோது பதினாலுதான் சுட்டிருந்தாள். பதினாலும் உள்ளே இருந்தன. அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

டெல்பர்ட் பிஸ்கட்டைத் தாளில் மடித்து வைத்தார். "மிஸ் ஓலீட்டா, இதுல ஒரு வெட்கமும் இல்ல" என்று ஆரம்பித்தார். பதினோரு வருஷம் செய்தது யாரும் செய்யாத வேலை, திங்கட்கிழமை மெதுவாக ஒன்பது மணிக்கு வந்தால் போதும், போன் வேலை ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார். ஓலீட்டா அவர் பேசுவதைக் கேட்டதாகத் தெரியவில்லை. துப்பாக்கியைக் காலிசெய்தாள், இரண்டு தடவை சரிபார்த்தாள், ராய்ஸின் மேசைக்குப் போய் ஸ்லைடைக் கழற்றித் திருப்பினாள். உள்ளே இருக்க வேண்டிய கறுப்புத் தண்டும் ஸ்பிரிங்கும் இல்லை. வெள்ளியாகப் பளபளக்கிற வேறொன்று இருந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கார்லண்டைப் பார்த்தார்கள்.

"உன் கைக்காகத்தான் ஓலீட்டா" என்றான் கார்லண்ட். "நீ பெல்ட்டுல மாட்டி அழுத்திக்கிட்டு நிக்கிறதைப் பாக்க ஜுவெலுக்குக் கஷ்டமா இருக்குன்னு சொன்னா. எனக்கும்தான்."

"ஜுவெலுக்குக் கஷ்டமா இருந்தா ஜுவெல் அந்தப் பக்கம் திரும்பிக்கட்டும். என் ஸ்பிரிங் எங்கே?"

"வண்டியில இருக்கு."

"எடுத்துட்டு வா."

அவன் போனதும் அவள் டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். இப்போது சுட்டது தன் துப்பாக்கி இல்லை, கார்லண்டின் துப்பாக்கி, அதன் மதிப்பெண்ணை அவனுக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். டெல்பர்ட் ராய்ஸைப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று விதி, அடுத்த பரீட்சை இலையுதிர் காலத்தில் என்றார் ராய்ஸ். அந்த விதியைக் காட்டு என்றாள் அவள். ராய்ஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். சுடுபவரின் தவறு இல்லாமல் கருவி கெட்டால் மறுபடி சுடலாம் என்று ஒரு வரி இருந்தது. யாருடைய தவறு என்று யார் முடிவுசெய்வது என்பதற்கு வரி இல்லை.

"கொடுக்கிறப்பவே நீ பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்றார் ராய்ஸ்.

"பாத்திருக்கணும். அந்தத் தப்பு என்னுது. அதுக்கு என்ன அபராதமோ போடு. ஆனா நான் கேக்காததை உள்ள வச்சது என் தப்பு இல்ல. டெல்பர்ட், அந்த மேசைக்கு நான் வரமாட்டேன். இன்னைக்குத் தோத்தாலும் வரமாட்டேன், வீட்டுல உக்காருவேன். கோழி ஆலையில பத்தொன்பது வருஷம் மத்தவங்க எனக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ணாங்க. இன்னொரு தடவை சுட விடு. அவ்வளவுதான் கேக்குறேன்."

டெல்பர்ட் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார். ராய்ஸிடம், "சுடட்டும்" என்றார்.

கார்லண்ட் கறுப்பு ஸ்பிரிங்கோடு வந்தான். தானே போட்டுவிடுவதாகக் கையை நீட்டினான். அவள் அவன் கையைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டான். மர பெஞ்சில் உட்கார்ந்து ஸ்லைடைத் தலைகீழாக முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள். கறுப்பு ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது. முதல் தடவை அமுக்கியபோது வழுக்கித் தெறித்து சரளைக்கல்லில் விழுந்தது. யாரும் குனியவில்லை, குனிந்தால் என்ன ஆகும் என்று அதற்குள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. அவளே எடுத்தாள், சட்டையில் துடைத்தாள். இரண்டாவது தடவை மூன்று விரலில் ஒன்றின் நகம் பிளந்தது. மூன்றாவது தடவை தண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆறு நிமிஷமோ ஏழு நிமிஷமோ ஆயிருக்கும். டெல்பர்ட் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்.

பெல்ட்டில் மாட்டி அழுத்தினாள். இப்போது ஸ்லைடு எதிர்த்தது. எதிர்த்துக்கொண்டே பின்னால் போய், விட்டவுடன் கதவு அறைகிற சத்தத்தோடு மூடியது.

பத்துத் தோட்டா. மேகசின் தரையில் விழுந்தது, அடுத்தது ஏறியது, குறி பெல்ட்டில் மாட்டியது, ஸ்லைடு மூடியது. இன்னும் பத்து. ஒரு தடவைகூட நிற்கவில்லை. ராய்ஸ் அட்டையருகே போய் விரல் வைத்து எண்ணினார். இரண்டு வெளியே போயிருந்தன. பதினெட்டு.

"போன தடவை பதினாலுக்குப் பதினாலு போட்டே" என்றார், கொஞ்சம் சீண்டலாக.

"போன தடவை எனக்குக் கோபம் வரல" என்றாள் ஓலீட்டா.

கார்லண்ட் அந்த வெள்ளி ஸ்பிரிங்கை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். கோபமா என்று கேட்டான். ஆமாம் என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டான். அவள் யோசித்துவிட்டு, ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வருவேன், ஆனால் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள்.

டெல்பர்ட் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமைக்கான சம்மன் கட்டு அவர் வண்டியிலேயே இருந்தது. சுலபமான நாலைந்தை மேலே எடுத்து வைத்தார், எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகள். ஓலீட்டா அடியில் இருந்ததை உருவினாள். பன்றிப் பண்ணைக்காரர் ஒருவரின் பெயர், இரண்டு பேர் கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்பி வந்த காகிதம்.

"அந்த ரோடு மழையில போயிடுச்சு மிஸ் ஓலீட்டா. கடைசி ஒரு மைல் நடக்கணும். நாலு நாய் இருக்கு."

"நாயோட பேரு தெரியுமா?"

டெல்பர்ட்டுக்குத் தெரியவில்லை. அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் குரைப்பு அடங்கும், பெட்ரோல் பங்கில் விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.