வசதிகள் எல்லாம் உள்ள ஊர்

எழுபதுகளின் கடைசியில், கல்முனைக்கு மேற்கே சவளக்கடைக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன முஸ்லிம் கிராமத்தில் எனக்கு முதல் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. நிந்தவூரில் பஸ்ஸும் கடையுமாக வளர்ந்த எனக்கு அந்த இடம் காடாகத்தான் தெரிந்தது. என் தமிழைப் பற்றி மட்டும் எனக்கு அப்போது பெரிய நினைப்பு.

ஒருநாள், ஊரே ‘காக்கா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் பள்ளிவாசல் தலைவர் ஒரு படிவத்தோடு வந்தார். ஊருக்கு ஒரு பிரசவ நிலையம் கேட்டிருந்தார்கள். ஊரின் வரலாற்றையும் இருக்கிற வசதிகளையும் எழுதி அனுப்பும்படி அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருந்தார்களாம். மாரியில் வாய்க்கால் பெருகிப் பாதை மூடிவிட்டால், பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களை உழவு மெசின் பெட்டியில் ஏற்றித்தான் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நிலையம் கட்டாயம் வேண்டியிருந்தது.

கல்முனையிலிருந்து நாலு குடும்பம் வந்து காடு வெட்டி வயல் செய்த கதையை, ஓர் இராச்சியம் உருவானது போல இரண்டு பக்கத்துக்கு எழுதித் தள்ளினேன். பிறகு ஊராரைக் கூட்டி வசதிகளைக் கேட்டேன்.

“குடிதண்ணி?”

“ஓம் சேர், நல்ல தண்ணி.”

“பாதை?”

“கார் வரும்.”

“வைத்தியம்?”

“டொக்டர் வாறவர்தானே. எழுதுங்க.”

கார் வந்தது ஒரு கலியாணத்துக்கு, ஒரே ஒரு தடவை. கோடையில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. டொக்டர் மாதத்தில் ஒரு நாள் என் வகுப்பறையில் வந்து இருந்துவிட்டுப் போவார். எல்லாம் தெரிந்தும் ‘உண்டு’, ‘உண்டு’ என்று எழுதினேன். போதாததற்கு ‘சிறந்த வைத்திய வசதி’ என்று என் கைச்சரக்கையும் சேர்த்தேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வயலுக்குள் கிடக்கும் ஊருக்குக் கரையோரத்து மாப்பிள்ளை லேசில் வர மாட்டார். அதனால் வெளியாள் யார் கேட்டாலும் ஊரைப் பெருப்பித்துச் சொல்லிச் சொல்லியே பழகியிருந்தார்கள். கந்தோருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது போலவே சொல்லிவிட்டார்கள். படித்த நானாவது யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. போதிய வசதிகள் இருப்பதால் இந்த ஊரை இப்போதைக்குக் கவனிக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் என் மாணவி ஒருத்தியின் தாய் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். ஏழு மாத வயிறு. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“சேர், நீங்க எழுதின ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருக்கு? மாரிக்கு முதல் ஒருக்காப் பாத்து வெச்சாத்தானே நல்லம்.”

வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

அன்று பின்னேரமே புதிதாக எழுதிக்கொண்டு தலைவரிடம் போனேன். வரலாறு நாலே வரி. வசதிகளுக்கு எதிரே எல்லாம் ‘இல்லை’.

“இப்பிடி இல்லை இல்லையெண்டு எழுதினா எங்கட புள்ளையளுக்கு ஆரு சேர் மாப்பிளை தருவாங்க?” என்றார்.

“கந்தோர்ல இருந்து மாப்பிளை வரப்போறதில்ல காக்கா. மருத்துவிச்சிதான் வரணும்.”

என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

நிலையம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே மாரி வந்துவிட்டது. அந்தத் தாயை ஏற்றிப்போன மெசின் வாய்க்கால் கரையில் புதைந்தது. தள்ளப் போனவர்களில் நானும் ஒருவன். கொட்டும் மழையில் பெண்கள் மெசின் பெட்டியைச் சுற்றிப் படங்குத் துணி பிடிக்க, நாங்கள் எட்டப் போய்த் திரும்பி நின்றோம். பிள்ளை அழும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அல்லாஹ்வின் உதவியால் இருவரும் தப்பினார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பக்கங்கள் எழுதிவிட்டேன், ஆனால் நான் அழகுக்காக எழுதிய ‘உண்டு’களுக்காக அந்த மழையில் கிடந்து வலி பட்டது இன்னொருத்தி என்பதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.