மூன்றடி கூடிய பட்டறை

கொளஞ்சிக்கு வாய் நீளம் என்று அவள் தெருவில் சொல்வார்கள். நீளம்தான், யார் இல்லையென்றது? விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தவள் அவள். அப்போது பேசாததையெல்லாம் இப்போது பேசுகிறாள், அவ்வளவுதான்.

பீங்கான் பொம்மை செய்வதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் உட்புறம் படிந்து நிற்கும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை இருக்கும். அச்சு சேர்ந்த இடத்தில் தெரியும் கோட்டை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது பெண்கள் வேலை. அச்சு செய்வது ஆண்கள் வேலை. அச்சு செய்கிறவருக்கு மாஸ்டர் என்று பெயர். அவருக்குத் தனி நாற்காலி, டீ வந்தால் முதல் கிளாஸ் அவருக்கு. கொளஞ்சி துடைத்தாள். துடைத்துக்கொண்டே மாஸ்டரின் கையைப் பார்த்தாள். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே கூலி என்று எழுதியிருந்தது.

அச்சு வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மண் சுருங்கும் என்பது. ஈரத்தில் பத்து அங்குலம் இருக்கிற யானை, காய்ந்து சூளையில் வெந்து வரும்போது ஒன்பது அங்குலம்தான் இருக்கும். அதனால் அச்சு செய்கிறவர்கள் கடையில் விற்கிற ஸ்கேலைத் தொட மாட்டார்கள். ஒரு மரச்சட்டத்தில் தாங்களே கோடு கிழித்து வைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் கூடவே இருக்கும். கொளஞ்சியும் மூன்றடி நீளத்தில் அப்படி ஒன்று செய்து, வீட்டில் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவள் புருஷன் மாணிக்கவேலுக்குக்கூட அது என்னவென்று தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். கொலுப் பொம்மைக்கு ஆர்டர் நெருக்கிக்கொண்டு நின்றது. கொளஞ்சி தானாகவே உட்கார்ந்து ஒரு யானைக்கு அச்சு செய்தாள். யானையின் தும்பிக்கையில்தான் எப்போதும் விரிசல் விடும். இவள் அச்சில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. முதலாளி வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், மாஸ்டர் அருமையாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார். நான் செய்தது என்றாள் கொளஞ்சி. அவர் சிரித்தார். அச்சின் பின்புறம் ஆணியால் தன் பெயரைக் கீறியிருந்ததைக் காட்டினாள். அவர் உப்புத்தாள் கொண்டுவரச் சொல்லி அந்தப் பெயரைத் தேய்க்க வைத்தார். வெள்ளைத் தூளாய் உதிர்ந்தது அவள் பெயர். அன்றைக்கே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள்தான்.

வீட்டுக்கு முன்னால் ஒரு கார் ஷெட் இருந்தது. மாணிக்கவேல் ரயில்வே ஜங்ஷனில் வாடகைக் கார் ஓட்டியவர். சர்க்கரையில் கண் மங்கியதும் காரை விற்றுவிட்டார். காலியாகக் கிடந்த ஷெட்டில் பிளாஸ்டர் மூட்டையை இறக்கினாள் கொளஞ்சி. மெதுவாகத்தான் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் திரும்பவும் வந்தார்கள். சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் அவளிடம் அச்சு வாங்க ஆரம்பித்தார்கள். கம்பெனியில் அவளோடு துடைத்துக்கொண்டிருந்த கனகாவும் தங்கம்மாளும், உன்னை நம்பி வருகிறோம் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அச்சு காய இடம் வேண்டும். ஒரு கார் நிற்கிற இடத்தில் மூன்று பெண்களும் முந்நூறு அச்சும் எப்படிக் கொள்ளும்? கட்டிலுக்கு அடியிலெல்லாம் பிள்ளையாரும் குதிரையும். மாணிக்கவேல் புரண்டு படுத்தால் யானை முதுகில் இடித்தது.

ஷெட்டை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது என்று முடிவானது. பதினெட்டடி அகலம், இருபத்தேழடி நீளம். பின்பக்கம் நாலடி விட்டுவிட வேண்டும். அந்த நாலடியும் அவர்கள் இடம்தான், பத்திரம் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கும் மாணிக்கவேலின் அண்ணன் பழமலை, வருஷக்கணக்காக அந்த வழியாகத்தான் தன் வீட்டுப் பின்கட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போவார். அவருக்கும் அந்தப் பக்கத்தில் சொந்தச் சந்து உண்டு. அதில் பழைய கதவும் ஜன்னலும் உடைந்த செங்கல்லும் போட்டு அடைத்து வைத்திருந்தார். போகட்டும், பெரியவர், நாலடி அவருக்கு விடலாம் என்று சொன்னதே கொளஞ்சிதான்.

கொத்தனார் செந்தமிழன் வாசலில் கயிறு கட்ட வந்த அன்று, ஆறடிக்கு ஒரு கோல் வெட்ட வேண்டும், அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கொளஞ்சி கையெல்லாம் பிளாஸ்டர். மடியில் கிடந்ததை எடுத்து நீட்டினாள். அந்த மரச்சட்டத்தை. நீட்டும்போது அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை. வருஷக்கணக்காக அவள் கைக்கு அதுதான் அளவு. செந்தமிழன் அதை வைத்துச் சவுக்குக் கொம்பில் ஆறடிக் கோல் வெட்டினார். அந்தக் கோலை வைத்துத்தான் அஸ்திவாரம், அந்தக் கோலை வைத்துத்தான் சுவர். காலி இடத்தில் சுவர் நின்றால் பெரிதாகத்தான் தெரியும் என்று கொளஞ்சியும் விட்டுவிட்டாள். பழமலை அந்த மாதம் மகள் பிரசவத்துக்காக வேப்பூரில் இருந்தார்.

வெல்டிங் ஆட்கள் கூரைக்கு இரும்புச் சட்டம் கொண்டுவந்து ஏற்றிய அன்றுதான் குட்டு உடைந்தது. சட்டத்தின் ஒரு முனை சுவரில் உட்கார்ந்தது, மறு முனை அந்தரத்தில் நின்றது. இரண்டடி போதவில்லை. வெல்டிங்காரரைத் திட்டினார்கள். அவர் டேப்பைப் போட்டுக் காட்டினார், பதினெட்டு சரியாக இருந்தது. சுவரில் போட்டார்கள், இருபது. நீளம் இருபத்தேழுக்கு முப்பது. செந்தமிழன் கொளஞ்சியின் மடியில் இருந்த சட்டத்தைப் பார்த்தார். கொளஞ்சியும் பார்த்தாள். கனகாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

“வுடுக்கா, சூளையில வச்சி எடுத்தா சரியாப் பூடும்” என்றாள் கனகா.

மூன்று பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் கொளஞ்சி பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நாலடி விட்ட இடத்தில் ஒரு அடிதான் மிச்சமிருந்தது. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். வண்டி போகாது.

மறுநாளே பழமலை வந்து இறங்கினார். சுவரைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மூணு அடி ஒடச்சி உள்ள தள்ளிக் கட்டு. கார் ஷெட்டு கார் நிறுத்தத்தான். பொம்பள கம்பெனி நடத்தறதுக்கு இல்ல.”

உண்மையைச் சொல்கிறேன், முதல் வாக்கியத்தோடு அந்த மனிதர் நிறுத்தியிருந்தால் கொளஞ்சி சுவரை உடைத்திருப்பாள். தப்பு தன்மேல் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே சொல்லவும் வாயெடுத்தாள். அடுத்ததைக் கேட்டதும் வாய் வேறு சொன்னது. இடம் என்னுடையது மாமா, ஒரு கல்லைக்கூட அசைக்க மாட்டேன் என்றாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

மாணிக்கவேல் உள்ளே கூப்பிட்டுக் கெஞ்சினார். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை என்றார். உங்கள் கார் அங்கே பதினைந்து வருஷம் நின்றதே, அண்ணனைக் கேட்டா நிறுத்தினீர்கள் என்றாள் அவள். சுவரை உடைத்தால் மறுபடி அஸ்திவாரம், அதற்குள் கொலு ஆர்டர் போய்விடும். வேலையை விட்டுவிட்டு வந்த இரண்டு பெண்களும் அதே கம்பெனி வாசலில் போய்த் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். அதை நினைக்கும்போதே கொளஞ்சிக்கு ஆத்திரம் பொங்கியது.

பழமலை கடைசியாக ஒன்று சொன்னார். மணவாளநல்லூர் போய்ப் பிராது கட்டிவிடுவேன்.

அதைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் பயப்படுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுப்பது போல, அந்த ஊர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டு வருவது அது. மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடும் என்பது நம்பிக்கை. தகராறு தீர்ந்தால், கட்டினவரே திரும்பப் போய் ராஜினாமா கொடுத்து அதை எடுக்க வேண்டும். கோர்ட்டு கேஸுக்கு அசையாதவர்கள்கூடப் பிராது என்றால் அன்றைக்கே சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். மாணிக்கவேல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் பழமலை ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். மறு பக்கமாகக் கொளஞ்சி ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எங்க வர?”

“எதிராளி இல்லாம என்னா விசாரண மாமா? எம் பேர வச்சிருக்கற சாமிகிட்டத்தான போறீங்க. நானும் வரேன்.”

கோயில் வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள். மண்டபத்தில் காகிதத்தை வாங்கிக்கொண்டு பழமலை சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எழுதித் தர ஆள் தேடினார். கொளஞ்சி கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சொல்லுங்கள் எழுதுகிறேன் என்றாள். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இனிப் பின்வாங்கினால் அவருக்கு மானக்கேடு.

“என் வழிய அடச்சி செவுரு வச்சிட்டா.”

“யாரு எடத்துல மாமா?”

பழமலை சன்னதியைப் பார்த்தார். வேறு எங்கேயாவது என்றால் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருப்பார். அங்கே நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

“அவ எடத்துலதான்.”

எழுதினாள். மூணு அடி கூடுதலாக, என்றார். ஆமாம், என் அளவுகோலால் வந்த தப்பு, அதையும் எழுதுகிறேன் என்று அதையும் எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“எதிராளி கொளஞ்சின்னு எழுதிட்டேன். தொழிலு என்னான்னு எழுத?”

அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

“அச்சு மாஸ்டருன்னு எழுது. அதான வேணும் ஒனக்கு? எழுதிக்க.”

அதுவரைக்கும் நேராக ஓடிய அவள் எழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் கோணியது. எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினாள். பழமலை உம்மென்று கேட்டார், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பூசை ஆகி, அவர்கள் கண்ணெதிரே பிராது கட்டியாயிற்று. வந்த ஆட்டோவிலேயே இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அன்று மத்தியானமே கொளஞ்சி வெல்டிங்காரரை வரச் சொன்னாள். சட்டத்தில் இரண்டடி ஒட்டுப் போட்டு ஏற்றச் சொன்னாள். கூரை ஏறியது. சுவர் நீளத்துக்கும் மரத்தட்டு அடித்தார்கள். கூடுதலாக வந்த மூன்றடியில்தான் இரண்டு தட்டு அதிகமாகக் கொண்டது. ஆடி முழுக்கப் பிள்ளையாரும் தசாவதாரமும் வெள்ளை வெளேரென்று காய்ந்தன. ஒவ்வொரு அச்சின் பின்புறமும் ஆணியால் பெயர் கீறினாள், உப்புத்தாள் தூக்க அங்கே யாரும் இல்லை. மாணிக்கவேல் முதல் மாதம் அவள் தும்மினால்கூட எழுந்து உட்கார்ந்தார். இரண்டாம் மாதம் தானே பிளாஸ்டர் மூட்டை தூக்க வந்தார். பழைய கம்பெனியிலிருந்து ஆள் வந்து அச்சு கேட்டது. கொடுக்கலாம், உங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். சொல்லும்போது அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பழமலை என்ன செய்வார்? தன் சந்தில் இருந்த கதவையும் செங்கல்லையும் அப்புறப்படுத்தி அந்த வழியாக வண்டியை விட்டார். அது நல்ல அகலமான சந்து.

புரட்டாசியில், மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்ததில்லை அதுவரைக்கும். கொளஞ்சி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து, தட்டுகளை மேலும் கீழும் பார்த்தார். அவர் சம்சாரத்துக்குப் பயம் வந்துவிட்டதாம். தகராறு தீர்ந்த பிறகும் பிராதை எடுக்காமல் விட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லதில்லை என்று தினமும் நச்சரிக்கிறாளாம். அதை இதைச் சொல்லிக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“எனக்குத்தான் வழி ஆயிடுச்சே. போயி ராஜினாமா குடுத்துட்டு வந்துடலாம். நீயும் வா கொளஞ்சி.”

கொளஞ்சி கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தாள்.

“வேணாம் மாமா. அது அங்கயே கெடக்கட்டும்.”

“எதுக்கு?”

“இருவத்திரண்டு வருஷம் ரிஜிஸ்டர்ல என்னைய கூலின்னுதான் எழுதுனாங்க. கொளஞ்சி அச்சு மாஸ்டருன்னு எழுதி, அதுக்குக் கீழ ஒருத்தரு கையெழுத்துப் போட்டது அந்தக் காயிதத்துல மட்டுந்தான். சாமி அத வச்சிருக்குது. அத நான் எடுக்கச் சொல்வேனா?”

தங்கம்மாள் டீ கொண்டுவந்தாள். பெரியவர் வழக்கப்படி கையை நீட்டினார். தங்கம்மாள் அவரைத் தாண்டிப் போய், முதல் கிளாஸைக் கொளஞ்சியிடம் கொடுத்தாள்.